பழைய கார் சார்ஜர் + காயலாங்கடை சோலார் பேனல் = கரண்ட் இல்லாத நாளைக்கு போன் சார்ஜர்

சோலார்ல போன் சார்ஜ் பண்றது எப்படின்னு தேடினா வர்ற வீடியோ முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளங்கை சைஸ்ல ஒரு குட்டி பேனல், நடுவுல வோல்ட்டை 5 ஆக்கற ஒரு 7805 ஐசி, முனையில ஒரு யூஎஸ்பி சாக்கெட், போன்ல சார்ஜிங் சின்னம் வந்த உடனே வீடியோ முடிஞ்சிரும். சின்னம் வர்றது வேற, சார்ஜ் ஏறறது வேற. கணக்கு போட்டு பாருங்க, இப்ப எல்லார் கையிலயும் இருக்கற 5000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட்-அவர், அதாவது 1 வாட் 19 மணி நேரம் பாயணும், அந்த குட்டி பேனல் 1 வாட், துளி வேஸ்ட் ஆகாம அத்தனையும் போனுக்குள்ள போச்சுன்னே வச்சுக்குவோம், அப்பவும் ஃபுல் ஆக நாலு நாள் வெயில் வேணும். நீங்க பேசாம இருந்தாதான் அதுவும்.

அதனால நான் சொல்றது வேற ரூட். 12 வோல்ட் 10 வாட் பேனல் ஒண்ணு, யாரும் சீண்டாம கெடக்கற பழைய கார் மொபைல் சார்ஜர் ஒண்ணு, நடுவுல கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடற டையோடு ஒண்ணு, கரண்டை கொஞ்சம் தேக்கி வைக்கற கப்பாசிட்டர் ஒண்ணு. பேட்டரி கிடையாது. பேட்டரி இல்லாம என்ன சோலார்னு கேப்பீங்க, உங்க போன்குள்ளயே ஒரு பேட்டரி இருக்கு, வீட்ல பவர் பேங்க் இருந்தா அது ரெண்டாவது பேட்டரி, மூணாவதா ஒண்ணு நாமளே கட்டி அதுக்கு காவல் காக்கணுமா. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்த ஊருங்க எத்தனையோ, அந்த மாதிரி நேரத்துல ஒரு நாளைக்கு ஒரு போன் ஃபுல்லா ஏறினா போதும், வீட்ல எல்லாரும் பேசிக்கலாம். அந்த அளவுக்குத்தான் இது. டிவி ஓட்ட இல்ல.

மொதல்ல பேனல் எங்க பிடிக்கறது. காட்டுப்பன்னிக்காக போடற வேலில ஷாக் குடுக்கற ஜட்கா மெஷின் இருக்குல்ல, அதுல மெஷின் போயிரும், பேட்டரி போயிரும், பேனல் மட்டும் கல்லு மாதிரி இருக்கும், கிராமத்துல யார் தோட்டத்துலயாவது மோட்டார் ரூம் மேல ஒண்ணு கெடக்கும், கேட்டா சும்மாவே குடுத்துருவாங்க. அடுத்து பழைய சோலார் லாந்தர், வீட்டு கேட்டுல மாட்ற சோலார் லைட்டு, அப்புறம் நம்ம காயலாங்கடை. காயலாங்கடைல பேனலோட அலுமினிய ஃப்ரேமுக்குத்தான் விலை சொல்லுவாங்க, நீங்க சோலார்னு வாய தொறந்தா ரேட்டு ஏறிடும், ஃப்ரேமை பாத்த மாதிரியே பேசுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல புதுசாவும் கிடைக்கும், ஆனா அது இந்த பதிவோட நோக்கம் இல்ல. தெருவிளக்கு கம்பத்துல நிக்கற பஞ்சாயத்து பேனலை மட்டும் கழட்டிட்டு வந்துடாதீங்க சாமி.

லேபிள் அழிஞ்சு போயிருந்தா பின்னாடி திருப்பாம முன்பக்கத்துல செல்லை எண்ணுங்க. 36 துண்டு இருந்தா அது 12 வோல்ட் வகை. ஒவ்வொரு துண்டும் சுமாரா அரை வோல்ட் குடுக்கும், எல்லாம் வரிசையா கோத்திருப்பாங்க, வேலை செய்யும்போது 17, 18 வோல்ட் வரும், எதுவும் மாட்டாம சும்மா வெயில்ல வச்சா 21, 22 காட்டும். "12 வோல்ட்"னு எழுதியிருக்கறது 12 வோல்ட் பேட்டரிக்கு ஏத்ததுங்கற அர்த்தத்துலதான், 12 தான் வரும்னு நெனச்சுடாதீங்க. 18 துண்டுன்னா 6 வோல்ட் வகை, லாந்தர்ல வர்றது, அது மாதிரி ஒரே சைஸ்ல ரெண்டு கிடைச்சா ஒண்ணோட ப்ளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ல கோத்து 12 வகையாக்கிக்கலாம்.

டெஸ்ட் பண்ண அந்த மஞ்ச கலர் சீப் மல்டிமீட்டரே போதும். உச்சி வெயில்ல பேனலை சூரியனுக்கு நேரா காட்டி டிசி வோல்ட் 200ல வச்சு பாருங்க, 20க்கு மேல வந்தா சந்தோஷம். அப்புறம் செவப்பு ப்ரோபை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தி, நாபை 10 ஆம்புக்கு திருப்பி, நேரா ப்ளஸ்லயும் மைனஸ்லயும் வைங்க. ஆமா, ஷார்ட்தான். பேனலுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. 10 வாட் பேனல்னா 0.55ல இருந்து 0.6 ஆம்ப் வரை காட்டணும். இதே வேலையை பேட்டரிலயோ சுவர் ப்ளக்லயோ பண்ணா மீட்டரும் போயிரும் உங்க கையும் போயிரும், முடிச்ச உடனே ப்ரோபை பழைய ஓட்டைக்கே மாத்திடுங்க. மீட்டர் இல்லாதவங்க பைக் இண்டிகேட்டர் பல்பு, அந்த 12 வோல்ட் 10 வாட்டு, அதை மாட்டி பாருங்க, மங்கலா எரிஞ்சாலும் பேனல் உயிரோட இருக்கு.

வோல்ட் பாதியா, பத்து பத்தரைன்னு காட்டுதுன்னா உடனே தூக்கி போடாதீங்க. பின்னாடி கருப்பு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும், மூடிய ஸ்க்ரூ ட்ரைவர்ல நெம்புங்க, உள்ள ஒண்ணோ ரெண்டோ டையோடு படுத்திருக்கும், அது ஷார்ட் ஆயிருச்சுன்னா பாதி பேனலை அப்படியே முழுங்கிரும். டையோடை ஒரு பக்கம் தூக்கிட்டு மறுபடி வோல்ட் பாருங்க, 21க்கு ஏறிடுச்சுன்னா வியாதி அதுதான், சின்ன பேனல் ஒண்ணை தனியா ஓட்டறதுக்கு அந்த டையோடு இல்லாமலே காலம் தள்ளலாம். டெர்மினல்ல பச்சை பூத்திருந்தா பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சுட்டு புது ஈயம் வச்சு பத்த வைங்க, அதாவது சால்டர் பண்ணுங்க. கண்ணாடி நொறுங்கி கோலம் போட்ட மாதிரி இருந்தாலும் ஆம்ப் சரியா வந்தா எடுத்துக்கலாம், மேல டிரான்ஸ்பரண்ட் சிலிக்கான் தடவி தண்ணி இறங்காம பாத்துக்கணும், ஆனா அது ஒரு மழைக்காலம் தாங்கும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இப்ப ஹீரோவுக்கு வருவோம், கார் சார்ஜர். சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகறது. இதுக்குள்ள இருக்கறது 12 வோல்ட்டை 5 ஆக்கற ஒரு பக் கன்வெர்ட்டர், நமக்கு வேணுங்கற அதே சாமான், யாரோ ஏற்கனவே அழகா செஞ்சு வச்சிருக்காங்க. இதுல பழசு எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. ஒரே ஓட்டை, 1 ஆம்ப்னு எழுதினது கிடைச்சா கண்ண மூடிட்டு எடுங்க. புதுசா வர்ற ஃபாஸ்ட் சார்ஜ் மாடல் வேண்டாம், அது போன்கிட்ட பேசி 9 வோல்ட் 2 ஆம்ப் தர்றேன்னு வாக்கு குடுத்துரும், 18 வாட்டு, நம்ம பேனல் மொத்தமே 10. மேல 12-24 வோல்ட்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, லாரிக்கும் ஆகற மாதிரி செஞ்சது, நம்ம 21 வோல்ட்டுக்கு பயப்படாது.

பிரிக்கறது ஈஸி. மூக்கு நுனில இருக்கற மோதிரத்தை பிளையர்ல திருகுனா கழண்டு வரும், உள்ள ஒரு சின்ன கண்ணாடி ஃபியூஸ், ஒரு ஸ்ப்ரிங். உடம்பு ரெண்டு பாதியா ஒட்டியிருக்கும், இடுக்குல கத்தி முனைய வச்சு மெதுவா தட்டினா பிளந்துக்கும். குட்டி போர்டு ஒண்ணு வரும், எட்டு கால் ஐசி, அதுல எம்சி34063னு எழுதியிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, பக்கத்துல செம்புக்கம்பி சுத்தின காயில், ஒரு டையோடு, ரெண்டு கப்பாசிட்டர். ஸ்ப்ரிங் பத்த வச்சிருக்கற இடம்தான் ப்ளஸ், ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிட்டு இருந்த தகடு மைனஸ். இன்புட் பக்கம், அதாவது ஸ்ப்ரிங் பக்கம் இருக்கற கப்பாசிட்டர்ல என்ன வோல்ட் எழுதியிருக்குன்னு கண்டிப்பா படிங்க. 35ன்னா ஓகே. 25ன்னா ஓடும், ஆனா குளிரான காலை நேரத்துல பேனல் வோல்ட் இன்னும் கொஞ்சம் ஏறும், அதனால எனக்கு மனசு ஒப்பாது. 16ன்னு இருந்தா மாத்தாம கனெக்ஷனே குடுக்காதீங்க, டப்புன்னு வெடிச்சு வீடு பூரா நாத்தம்.

மாத்தறதுக்கு சாமான் எங்க போறதுன்னா பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கற பவர் சப்ளை டப்பா), செத்த டிவி போர்டு, செட் டாப் பாக்ஸ். 470ல இருந்து 1000 மைக்ரோ ஃபாரட், 35 இல்லன்னா 50 வோல்ட் கப்பாசிட்டர் ஒண்ணு, உப்பாம தலை தட்டையா இருக்கறதா பாத்து எடுங்க. அதே பழைய போர்டோட அவுட்புட் பக்கத்துல ஷாட்கி டையோடு, அதாவது வோல்ட்டை கம்மியா தின்னற வகை, இருக்கும், 1என்5822 கிடைச்சா பெஸ்ட், 1என்5819ம் போதும். இதை பேனல் ப்ளஸ் வயர்ல வரிசையா போடறோம், வெள்ளை கோடு இருக்கற முனை சார்ஜர் போர்டு பக்கம் பாக்கணும். பேட்டரி இல்லாத செட்டப்புக்கு ராத்திரி ரிவர்ஸ்ல கரண்ட் போற பிரச்சனை கிடையாதுதான், ஆனா அவசரத்துல யாராவது வயரை ப்ளஸ் மைனஸ் மாத்தி கொடுத்தா போர்டை காப்பாத்தும். சாதா 1என்4007 வேலை செய்யாதான்னா செய்யும், முக்கா வோல்ட் தின்னும், 17 வோல்ட்ல அது பெருசா தெரியாது.

ஒரு எச்சரிக்கை, எஸ்எம்பிஎஸ் தொறந்தா 200 இல்லன்னா 400 வோல்ட்னு எழுதின தடி கப்பாசிட்டர் இருக்கும், ப்ளக்ல இருந்து பிடுங்கி ரொம்ப நேரம் ஆகியிருந்தாலும் அதுக்குள்ள கரண்ட் தங்கியிருக்கலாம். ஹோல்டர்ல மாட்டின சாதா குண்டு பல்போட ரெண்டு வயரை அதோட ரெண்டு கால்லயும் கொஞ்ச நேரம் வச்சு காலி பண்ணிட்டு, மீட்டர்ல ஜீரோ பாத்துட்டு கை வைங்க. பழைய டப்பா டிவி பிக்சர் ட்யூப் பக்கமே போகாதீங்க.

7805 ஏன் வேண்டாங்கறேன்னு கேட்டா, அது மிச்ச வோல்ட்டை சூடா மாத்தி வெளிய விடற ஐசி. 18 வோல்ட் உள்ள போய் 5 வெளிய வந்து அரை ஆம்ப் ஓடுச்சுன்னா போனுக்கு போறது 2.5 வாட், சூடா போறது 6.5 வாட். ஐசி மேல கை வைக்க முடியாது. கார் சார்ஜர் அதே பேனல்ல இருந்து 80 சதவீதம் பக்கம் போனுக்கு தள்ளும், பேனல் வெயில்ல 8 வாட் குடுத்தா போனுக்கு ஆறு ஆறரை வாட், அதாவது 5 வோல்ட்ல 1 ஆம்புக்கு மேலயே. ரெண்டும் காயலாங்கடைல ஒரே விலைதான், எதுக்கு அதை கட்டிட்டு அழணும்.

இப்ப இணைக்கறது. பேனல் ப்ளஸ், டையோடு, போர்டு ப்ளஸ். பேனல் மைனஸ் நேரா போர்டு மைனஸ். போர்டோட இன்புட்லயே புது கப்பாசிட்டரை பத்த வைங்க, அதோட உடம்புல வெளிறின பட்டை ஓடற பக்கம் மைனஸ். கப்பாசிட்டரை தலைகீழா போட்டா அதுவும் வெடிக்கும். பத்த வைக்கும்போது பேனலை கவுத்து போட்டுடுங்க இல்ல மேல ஒரு போர்வைய போடுங்க, வெயில் பட்டா அது ஆன்தான், சுவிட்ச் கிடையாது. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், வயரை சீவினதும் முதல்ல ஈயம் பூசிட்டு அப்புறம் ஒட்டுங்க. முடிச்சதும் போனை மாட்டிடாதீங்க. யூஎஸ்பி ஓட்டைல மீட்டர் வச்சு பாருங்க, 4.75க்கும் 5.25க்கும் நடுவுல இருக்கணும். அப்புறம் போனா பரவால்லைங்கற ஏதாவது ஒண்ணு, யூஎஸ்பி ஃபேனோ எல்இடி லைட்டோ மாட்டி அரை மணி நேரம் ஓட விட்டு மறுபடி வோல்ட் பாருங்க. அதுக்கு அப்புறம் போன்.

இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. போனை மாட்டினா சார்ஜிங்னு டிங் சத்தம் வரும், ரெண்டு செகண்ட்ல நிக்கும், மறுபடி டிங், இப்படியே போயிட்டு இருக்கும். சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்க, இல்ல. போன் கேக்கற வாட்டை பேனலால குடுக்க முடியல, வோல்ட் தடால்னு விழுது, போன் கழண்டுக்குது, லோடு போனதும் பேனல் வோல்ட் மறுபடி ஏறுது, போன் மறுபடி கேக்குது. இதுக்கு காரணம் யூஎஸ்பி ஓட்டைல நடுவுல இருக்கற ரெண்டு டேட்டா பின். அது ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சிருந்தா போன் இது சுவர் சார்ஜர்னு நெனச்சு ஒண்ணரை ஆம்ப் வரைக்கும் இழுக்கும். சேக்காம தனியா விட்டா இது ஏதோ வீக்கான இடம்னு அரை ஆம்ப் பக்கத்துல நிறுத்திக்கும். ஸோ உங்க பேனல் 5, 6 வாட்தான்னா போர்டுல அந்த ரெண்டு பின்னுக்கும் நடுவுல இருக்கற ஈயத்தை உறிஞ்சி பிரிச்சு விடுங்க, மெதுவா ஏறும் ஆனா நிக்காம ஏறும். 10 வாட்டும் நல்ல வெயிலும் இருந்தா சேத்தே இருக்கட்டும். ஐபோனுக்கு மட்டும் இந்த சேக்கற பிரிக்கற கதை அப்படியே பொருந்தாது, அது அந்த பின்ல தனக்குன்னு வேற வோல்ட் எதிர்பாக்கும், நேரா மாட்டி பாருங்க, அடம் பிடிச்சா பவர் பேங்க் வழியா போயிடுங்க.

புது ஆண்ட்ராய்டு போன் கொஞ்சம் புத்திசாலி, வோல்ட் விழுந்தா தானே கரண்டை கொறச்சுக்கும். சிக்கல் என்னன்னா மேகம் ஒண்ணு வந்து போச்சுன்னா கொறச்சது கொறச்சதாவே நிக்கும், வெயில் திரும்பி வந்தாலும் ஏத்தாது. மேகம் விலகினதும் கேபிளை ஒரு தடவை பிடுங்கி மாட்டுங்க.

வயர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். மொட்டை மாடில பேனல், பக்கத்துலயே போன், ரெண்டும் வெயில்ல காயுது, இதுதான் எல்லாரும் பண்றது, போன் சூடேறி சார்ஜிங்கை அதுவே நிறுத்திடும். பேனல்ல இருந்து நீள வயரை வீட்டுக்குள்ள இறக்குங்க, சார்ஜர் போர்டு உள்ள, போன் உள்ள, நிழல்ல. 0.75 ஸ்கொயர் எம்எம் வயர்ல 10 மீட்டர் தூரம் வந்தாலும் பேனல் பக்கம் கால் வோல்ட்தான் போகும், 17ல கால் போனா யாருக்கு கவலை. அதே 10 மீட்டரை 5 வோல்ட் பக்கம் இழுத்தீங்கன்னா 1 ஆம்ப்ல அரை வோல்ட்டுக்கு கிட்ட போயிரும், போனுக்கு வர்றது நாலரை, அது சார்ஜே ஏத்தாது. யூஎஸ்பி கேபிளும் குட்டையா, தடியா இருக்கட்டும். பழைய மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் வயர்லாம் இதுக்கு அருமையா ஆகும், ஆனா ப்ளக்கை வெட்டி எறிஞ்சுடுங்க, எவனாவது சுவர்ல சொருகிட்டா அவ்ளோதான்.

பேனலை வைக்கற விதம். நம்ம ஊரு 8 டிகிரில இருந்து 13 டிகிரிக்குள்ள இருக்கு, அதனால ரொம்ப சாய்க்கவே வேண்டாம், தெக்கு பாத்து ஒரு பத்து பதினஞ்சு டிகிரி, அதாவது பின்னாடி ஒரு அரை செங்கல்லு வச்ச மாதிரி. சென்னைல ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மதியச் சூரியன் தலைக்கு வடக்கால போகும், அப்ப தட்டையா போட்டாலே சரி. நிழல்தான் பெரிய எதிரி, செல்லெல்லாம் வரிசையா கோத்திருக்கறதால ஒரே ஒரு துண்டு மேல தென்னங்கீத்து நிழலோ டிவி டிஷ் நிழலோ விழுந்தா மொத்த பேனலும் படுத்துக்கும். காக்கா எச்சமும் அதே கதைதான். சூடும் எதிரிதான், மே மாசத்துல பேனல் 60 டிகிரிக்கு மேல போகும், வாட்டு பத்து பதினஞ்சு சதவீதம் குறையும், அதனால தரையோட ஒட்டி போடாம அடில காத்து போற மாதிரி தூக்கி வைங்க. சுடச்சுட இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விடும்.

நல்ல வெயில் நாள்ல 10 வாட் பேனல் போர்டு தாண்டி சுமார் 30 வாட்-அவர் குடுக்கும், ஒரு போன் ஃபுல், இன்னொண்ணு கொஞ்சம். கருமேகம் மூடின ஐப்பசி கார்த்திகைல அஞ்சுல ஒரு பங்கு வந்தா பெருசு. அதுக்காகவே யோசிக்கறவங்க ரெண்டு பேனலை ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேத்துக்கோங்க. 12 வகைல ரெண்டை வரிசையா கோக்க கூடாது, 42 வோல்ட் தாண்டிடும், எம்சி34063 ஐசியோட உச்சமே 40.

பகல் முழுக்க போனை கட்டிப்போட முடியாதுன்னா பவர் பேங்க்கை மாட்டி விட்டுட்டு வேலைக்கு போயிட்டு வாங்க, சாயங்காலம் அதுல இருந்து போனுக்கு. ஃபாஸ்ட் சார்ஜ் இல்லாத பழைய பவர் பேங்க்தான் இதுக்கும் ஒத்து வரும். உப்பினது வேண்டாம், அது எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் வேண்டாம்.

அப்பவும் லேப்டாப் பேட்டரிய பிரிச்சு நானே பவர் பேங்க் கட்டறேன்னு சிலர் நிப்பீங்க. 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் எத்தனையோ வீட்டு பரண்ல கெடக்கு, ஆசை வர்றது நியாயம்தான். பேட்டரி தடியா உருண்டையா இருந்தா உள்ள 18650ங்கற உருளை லித்தியம் செல் இருக்கும், தட்டையா இருந்தா பாலிமர், அதை தொடாதீங்க. உருண்டைல 2 வோல்ட்டுக்கு கீழ காட்டற செல்லை உயிர் கொடுக்க பாக்காதீங்க, தனியா எடுத்து வச்சு இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க, குப்பைத்தொட்டில போட்டா குப்பை வண்டி எரியும். மிச்சத்தை டிபி4056ங்கற லித்தியம் சார்ஜிங் மாட்யூல்ல, ப்ரொடெக்ஷன் ஐசி இருக்கற வகையா பாத்து, 4.2 வரைக்கும் ஏத்தி ஒரு வாரம் சும்மா வைங்க, 4.1க்கு கீழ இறங்கினாலோ ஏறும்போது கை சுட்டாலோ அதுவும் வெளிய. அந்த மாட்யூலுக்கு கார் சார்ஜரோட 5 வோல்ட்தான் குடுக்கணும், பேனலை நேரா குடுத்தா 8 வோல்ட் தாண்டின அடுத்த நொடி புகை. செல் மேல நேரா சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, ஏற்கனவே ஒட்டியிருக்கற நிக்கல் பட்டைய நீளமா விட்டு வெட்டி அதுல பத்த வைங்க. செல்லுக்கு பக்கத்துல ஃபியூஸ் கட்டாயம். நிழல்லதான் இருக்கணும், 45 டிகிரிக்கு மேல லித்தியத்தை சார்ஜ் பண்ணக்கூடாது, மொட்டை மாடி தகர டப்பா அதை சுலபமா தாண்டும்.

எல்லாம் ஓடுதுன்னு உறுதியானதும் போர்டை பழைய சோப்பு டப்பாக்குள்ள வச்சு ஓட்டைய எம்-சீல் வச்சு அடைங்க, வயரை உள்ள ஒரு முடிச்சு போட்டு விடுங்க, யாராவது இழுத்தா ஜாயிண்ட் பிஞ்சு வராது. புயல் எச்சரிக்கை வந்தா பேனலை முந்தின நாளே கழட்டி உள்ள வச்சிடுங்க. அந்த காத்துக்கு பேனல் பட்டமா பறக்கும், பக்கத்து வீட்டு கூரை ஓட்டையும் ஒடைக்கும். புயல் போன மறுநாள் காலைல எடுத்து மாட்டிக்கலாம், அதுவரைக்கும் போனை ஃப்ளைட் மோட்ல போட்டு வைங்க.